இந்திராதேவி அக்காவின் வலது கால்

செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் இந்திராதேவி அக்கா சாரதி இருக்கையில் ஏறுவார். வெறுங்காலுக்குத்தான் பெடலின் இறுக்கம் தெரியுமாம். அவருக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. அடம்பனில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள கராஜில், பிரேக்குக்கு எயார் எடுக்கும்போது, அதாவது குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, பெடலை அழுத்துவதுதான் அவருடைய வேலை.

வாகனம் உருளாமல் சில்லுகளுக்குக் கல் வைத்து, புது பிரேக் ஒயில் நிரப்பி, கணவர் தில்லைநாதன் கீழே படுப்பார். "அமத்தும்" என்பார். "பிடிச்சிருக்கிறன்" என்பார் அக்கா. சில்லின் உட்புறம் இருக்கும் நிப்பிள் என்ற சிறு திருகாணியைத் தளர்த்தியதும், குழாய் வழியே போத்தலுக்குள் ஒயிலும் குமிழ்களும் வரும். பெடல் அடிவரை இறங்கும். அவர் திரும்ப மூடும்வரை காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். ஒருமுறை முசுறு எறும்புகள் முழங்கால்வரை ஏறிக் கடித்தன. அக்கா கண்ணீரோடு அழுத்திக்கொண்டே இருந்தார்.

போன வருடம் ஒரு வானின் பெடலை அழுத்திப் பார்த்து, "உள்ளுக்கை இன்னும் எயார் நிக்குது" என்று அக்கா சொன்னார். சாரதி அவசரப்பட்டார். கணவர், "மெல்லமாப் போங்கோ" என்று அனுப்பிவிட்டார். வெள்ளாங்குளத்துக்கு முன்னால் ஒரு வளைவில் அந்த வான் நிற்கவில்லை. சாரதியின் முப்பத்தொன்றாம் நாள் காரியத்துக்கு அக்கா மட்டும் தனியே போய் வந்தார்.

போன செவ்வாய்க்கிழமை வங்காலை யாகப்பரின் மீன் லொறி வந்தது. பெடலுக்கு ஆகத் தூரத்துச் சில்லிலிருந்து தொடங்குவதுதான் முறை. அந்தப் பின் இடது சில்லின் நிப்பிள் உப்பில் இறுகிக் கிடந்தது. இன்னும் திருகினால் முறிந்துவிடும். மற்ற மூன்றிலும் எயார் எடுத்தார்கள்.

"பெடல் பஞ்சு மாதிரிக் கிடக்கு. இதை அனுப்பேலாது" என்றார் அக்கா.

லொறியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அக்காவிட்டை லைசன்ஸ் இருக்கோ?" என்று யாகப்பர் சிரித்தார்.

"இல்லை அண்ணை. ரெண்டு நாள் பொறுங்கோ. மன்னாரிலை சாமான் எடுத்துப் போட்டுத் தாறம்."

"ரெண்டு நாளிலை நான் கருவாடுதான் விக்க வேணும்."

அக்கா இருக்கையை விட்டு இறங்கவில்லை. கணவரையே பார்த்தார். அவர் துடைத்து வைத்த, நிப்பிள் திருகும் சாவியையே திரும்பவும் துடைத்தார். பிறகு, "இறங்கும்" என்றார்.

அக்கா இறங்கினார். யாகப்பர் ஏறியதும் தில்லைநாதன் நிலத்தைப் பார்த்தபடி, "மெல்லமாப் போங்கோ" என்றார்.

லொறி வெள்ளாங்குளம் பக்கம் திரும்பியது. அக்கா ஒரு செருப்பைத்தான் போட்டிருந்தார். லொறிச் சத்தம் அடங்கிய பிறகும், விரல்கள் புதைய, வெறும் வலது காலால் முற்றத்து மணலை அழுத்தியபடியே நின்றார்.