அன்புமணியின் ஜுரம்

என் தம்பி அன்புமணி மஞ்சள் காமாலையில் செத்தான் என்றுதான் ஊருக்குச் சொன்னேன். சொட்டு சாராயம் தொடாதவனுக்கு ஈரல் எப்படிக் கெட்டது என்று எவளாவது கேட்டிருந்தால் வாய் மேலேயே நாலு போட்டிருப்பேன். யாரும் கேட்கவில்லை. அவனுக்கு எச்.ஐ.வி. என்பது எனக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் தெரியும்.

காசிமேட்டில் விசைப்படகுச் சமையல்காரன் அவன். வலையும் இழுப்பான், சோறும் ஆக்குவான். சங்கரா மீனைப் புளியில் போட்டு அவன் வைக்கிற குழம்புக்காகவே அந்தப் போட்டில் ஆள் சேருவார்கள். அதுதான் அவன் பயமும்.

"எனக்கு இன்னா சீக்குன்னு தெரிஞ்சா எவன்க்கா என் கையால துன்னுவான்? வூட்லயே குந்திக்க வேண்டியதுதான்" என்பான்.

நான் மீன் கூடை தூக்குகிறவள், வாய் கொஞ்சம் நீளம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வாயைத் தைத்துக்கொண்டேன்.

கரையில் இருக்கும்போது மாத்திரைக்குப் பிரச்சினை இல்லை. கடலுக்குப் போனால் பத்துப் பன்னிரண்டு நாள். போட்டில் யார் பையும் யாருக்கும் சொந்தமில்லை. பீடி வேண்டுமென்றால் கைக்குக் கிடைத்த பையில் கையை விடுவார்கள். அதனால் இவன் மாத்திரை டப்பாவைக் கவரில் சுற்றி, ஐஸ் ரூமில் மேல் பலகை இடுக்கில் செருகி வைப்பான். சமையலுக்கு மீன் எடுக்கப் போகிற சாக்கில் ஒன்றைப் போட்டுக்கொள்வான்.

கொஞ்ச காலமாக டப்பா இடுக்கில் இருப்பதில்லை. ஐஸுக்குள் புதைந்து கிடந்தது.

"ஐஸு சரிஞ்சி மேல வுயுதுக்கா. மாத்திரை எல்லாம் கூயாப் பூடுது" என்றான்.

கூழானதைக் கிள்ளிக் கிள்ளித் தின்றிருக்கிறான், மடையன். தீர்ந்த பிறகு மாத்திரையே இல்லாமல் கிடந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் வேறு டப்பா கேட்டால் திட்டுவார்களாம்.

சாயங்காலமானால் ஜுரம் அடித்தது. அவனுக்கு அதில் சந்தோஷம்.

"ஜுரம் வந்தா நல்லதுக்கா. உள்ள சண்ட நடக்குது. ஒடம்பு இன்னும் வுட்டுக் குடுக்கல."

தட்டு நிறைய சோறு தின்றான். சட்டை மட்டும் மாதாமாதம் பெரிதாகிக்கொண்டே போனது. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்ததும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற பெண் பெர்சிஸ், தூத்துக்குடிக்காரி. டப்பாவைத் திறந்து பார்த்து, "தண்ணி பட்ட மாத்திரை வேலை செய்யாதுண்ணே" என்றாள். அவன் ஜுரத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"சண்டை நடக்கது நெசம்தாண்ணே. ஆனா சண்டை போடுத செல்லு சர்க்கரைய அள்ளி அள்ளி எரிக்கும். அப்படிச் சூடேறிக் கெடக்க செல்லுக்குள்ளதான் இந்தக் கிருமி நல்லாப் பெருகும். ஒடம்பு மல்லுக்கு நிக்க நிக்க அதுக்குக் கொண்டாட்டம். கடைசில அந்த செல்லெல்லாம் களைச்சுச் செத்துப்போவும். நீங்க திங்க சோறு ஒடம்புல ஒட்டாததும் இதனாலதான். மாத்திரை ஒழுங்காப் போட்டு கிருமிய அடக்குனாத்தான் சண்டை ஓயும்."

"கரையில கட்டிப்போட்டுக்கினே இஞ்சின முறுக்குற மாரியா?" என்று கேட்டான்.

"அதேதாண்ணே. டீசல் தீருது, இஞ்சினும் தேயுது."

புது மாத்திரை கொடுத்தார்கள். அதற்குள் நுரையீரலில் டி.பி. ஏறியிருந்தது. படுக்கையில் ஒரு மாதம் கிடந்தான், போய்ச் சேர்ந்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே கூடையைத் தூக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போய்விட்டேன். கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறியது. பக்கத்தில் இருந்தவள்தான் ரத்தத்தைப் பார்த்துக் கத்தினாள். சே, இதென்ன ஜென்மம் என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அந்த வெறுப்பும் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

காரியத்துக்கு அவன் வேலை செய்த போட்டு ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். போட்டு டிரைவர் சின்னப்பையன் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் தனியாகக் கூப்பிட்டான். பேர்தான் சின்னப்பையன், பெரிய உடம்புக்காரன். குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"காமாலைன்னு நீ சொல்லிக்கினுகீற. சொல்லு, தப்பில்ல. ஆனா எங்க எல்லார்க்கும் தெரியும்க்கா. ஒரு வர்சத்துக்கு மின்னாடியே டப்பாவப் பாத்துட்டோம். மருந்துக் கடையில பேரக் காட்டிக் கேட்டோம்."

"தெரிஞ்சுமா அவன் ஆக்குனதத் துன்னீங்க?" என்று கேட்டேன்.

"துன்னாம? அவன் கொயம்ப வுட்டுட்டு வேற எவன் கொயம்பத் துன்றது? அவனே சொல்லாதப்ப நாம எப்டிக் கேக்கறதுன்னு கம்முனு இருந்தோம். எங்களால ஆனத செஞ்சோம்க்கா. அந்தப் பலவ இடுக்குல இஞ்சின் சூடு வரும். மருந்து கெட்டுப்பூடுமேன்னு தெனமும் ஒருத்தன் எறங்கி, டப்பாவ ஐஸுக்குள்ள வெச்சு மூடிட்டு வருவோம். மீன் கெட்டாக்கூடப் பரவால்ல, அவன் மருந்து கெடக்கூடாதுன்னு நல்ல ஐஸா பாத்துப் போட்டோம். அப்டியும் தம்பி நிக்கலியே."

ஐஸில் கூழான மாத்திரையின் கதை வாய் வரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவோ பேரை எவ்வளவோ கேட்டிருக்கிற வாய் இது. அவன் தலையைக் குனிந்து நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால், பந்தலில், மற்றவர்கள் என் தம்பி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லாப் பாத்துக்கினீங்கப்பா" என்றேன். "வா, வந்து சாப்டு."