சூரியகாந்தியில் ஒரு இதழ் குறைந்தது

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஜனவரி இருபத்தாறு. இடம், டெல்லி துவாரகாவில் எங்கள் ஃபிளாட்டின் ஹால். மற்ற நாட்களில் அரசுத் தொலைக்காட்சியை எங்கள் வீட்டில் யாரும் சீண்ட மாட்டோம். அன்று மட்டும் யாருக்கும் ரிமோட்டைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்தே அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் ஒரே மகள் குடியரசு தின அணிவகுப்பில் ஆடப்போகிறாள் அல்லவா!

இரண்டு மாதமாக அந்த ஆட்டம்தான் எங்கள் வீட்டில் பேச்சு. நூறு பிள்ளைகளுக்கு மேல் ஆடிக்கொண்டே வந்து, கடைசியில் மஞ்சள் துணியை விரித்து ஒரு பெரிய சூரியகாந்திப் பூவாக நிற்பார்களாம். "தண்டுக்கு வலது பக்கம் முதல் இதழ் நான்தான் மம்மி. மேலேர்ந்து கேமரா காட்டும், தேக்கோ!" என்று நூறு முறை சொல்லியிருந்தாள். 'பார்' என்பதற்குக்கூட இந்தி; அவள் தமிழே அப்படித்தான். டெல்லியில் பிறந்த பிள்ளை. நான் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வரும். பள்ளியில் 'மதராசி' என்று கேலி செய்கிறார்களாம், அதனால் வெளியில் நான் தமிழில் கூப்பிட்டாலே முறைப்பாள். அதற்காக நான் திட்டாத நாள் கிடையாது.

நேரில் போய்ப் பார்க்க எங்களுக்குப் பாஸ் கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் வேலை பார்க்கும் என் கணவருக்கு அன்றைக்கென்று பார்த்து டியூட்டி. பிள்ளைகளோ டீச்சர்களோ உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. விடியும் முன்பே பனியில் பஸ் ஏறிப்போனவளைப் பற்றி எனக்குத் தகவல் சொல்ல அந்த டிவி ஒன்றுதான் இருந்தது.

ஊரில் திருநெல்வேலிச் சொந்தம் மொத்தத்துக்கும் முந்தின நாளே போன் போட்டு, "தண்டுக்குப் பக்கத்துல பாருங்க" என்று சொல்லியாகிவிட்டது. படைகள் போயின, குதிரைகள் போயின, ஒட்டகங்கள் போயின. மாநிலங்களின் அலங்கார வண்டிகள் வந்தன. தமிழ்நாட்டு வண்டியும் அதன் முன்னால் கரகம் ஆடிய பெண்களும் வந்தபோது தனியாகக் கைதட்டினேன். அப்புறம் பள்ளிப் பிள்ளைகள். மஞ்சள் பாவாடைகள் தெரிந்ததுமே டிவிக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன்.

கேமரா மேலேயிருந்து காட்டியது. சூரியகாந்தி விரிந்தது. தண்டுக்கு வலது பக்கம், முதல் இதழ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தார் ரோடு தெரிந்தது.

இடதா வலதா என்று குழம்பிவிட்டேனோ என நினைத்து இடது பக்கம் பார்த்தேன். அங்கே இதழ் இருந்தது. பூ முழுவதிலும் அந்த ஓர் இடம்தான் காலி. மாற்று ஆளாக இருந்த இரண்டு பிள்ளைகளும் ஏற்கெனவே ஜுரம் வந்தவர்களுக்குப் பதிலாகச் சேர்க்கப்பட்டுவிட்டார்கள் என்று முந்தின நாள்தான் மகள் சொல்லியிருந்தாள். அதற்குள் காட்சி மாறி, சல்யூட் அடிக்கும் பெரிய மனிதர்களைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "அட, திரும்பக் காட்டித் தொலையேன்!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன்.

உடனே போன் அடித்தது. ஊரிலிருந்து என் அக்கா.

"ஏட்டி, புள்ளைய பாத்தோம்ட்டி! சிரிச்சுக்கிட்டே என்னமா ஆடுதா! எங்கண்ணே பட்டுரும் போல. சுத்திப் போடுட்டி."

"ம்" என்றேன். அவள் போனை வைத்ததும் மாமியார், அப்புறம் சித்தி, அப்புறம் நாத்தனார். எல்லாரும் பார்த்துவிட்டார்கள். ஒருத்தர் கன்னத்துக் குழியைக்கூடப் பார்த்தாராம். பெற்றவள் எனக்கு மட்டும் அவள் தெரியவில்லை.

டீச்சர் போன் சுவிட்ச் ஆஃப். வாட்ஸாப் குழுவில் 'யாருக்காவது ஏதாவது தெரியுமா?' என்று கேட்டேன். கைதட்டும் பொம்மைகளாக வந்து விழுந்தன. என் கணவரைக் கூப்பிட்டால், "ஓரத்துல நின்னிருப்பா, கேமராவுல வந்திருக்காது. நீயா எதையாவது கற்பனை பண்ணாதே" என்றார். எரிச்சலாக வந்தது. ஆனாலும் அவர் சொன்னதே உண்மையாக இருக்கக் கூடாதா என்றும் இருந்தது.

அணிவகுப்பு முடிந்தது. மறுபடி காட்டுவார்கள் என்று டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். தேசபக்திப் பாட்டு வந்தது. சமஸ்கிருதச் செய்தி வந்தது. காது கேளாதவர்களுக்கான செய்தியில் ஒரு பெண் கைகளால் பேசினாள். எங்காவது விபத்து, பிள்ளைகள் மயக்கம் என்று சொல்கிறாளோ என அவள் விரல்களையே வெறித்துப் பார்த்தேன். அடுத்தது விவசாயிகளுக்கான நிகழ்ச்சி, காளான் வளர்ப்பு. வைக்கோலை எப்படி ஊறவைக்க வேண்டும் என்று ஒருவர் நிதானமாக விளக்கிக்கொண்டிருக்க, நான் எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் குழுவில் 'பஸ் வந்தாச்சு' என்று செய்தி வந்தது. மகளின் தோழியுடைய அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் போனைத் தன் பெண்ணிடம் கொடுத்தார்.

"ஆன்ட்டி, அவ எங்களோட வரல. ஆம்புலன்ஸ்ல ஏறுனதப் பாத்தேன். ஏன்னு தெரியாது ஆன்ட்டி, நான் அந்தக் கடைசில நின்னேன்" என்று அந்தப் பெண் இந்தியில் சொன்னாள்.

ஒரு காலில் செருப்பை மாட்டினேன். எந்த ஆஸ்பத்திரி? யாரைக் கேட்பது? கணவருக்கு அடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை அவர் கற்பனை என்று சொல்லவில்லை. "கிளம்பிட்டேன்" என்று மட்டும் சொன்னார். வைத்த உடனே மறுபடி அக்கா. எடுத்துத் தொலைத்தேன்.

"ஏட்டி, நாங்களும் இங்க சுத்திப் போட்டுட்டோம். அந்த டான்ஸு வீடியோவ அனுப்புட்டி, மதினிக்குக் காட்டணும்..."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே வேறு ஒரு புது நம்பர் உள்ளே வந்தது. "அக்கா, வையி!" என்று கத்திவிட்டு மாற்றுவதற்குள் அது நின்றுபோனது. திருப்பி அடித்தால் பிஸி. மறுபடி அடித்தால் மறுபடி பிஸி. டிவியில் காளான் முடிந்து யாரோ வீணை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். முருகா, முருகா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நின்றேன்.

போன் அடித்தது. அதே நம்பர்.

"அம்மா, நான் தமிழ்நாட்டு கரகாட்டக் குழுவுல வந்திருக்கேன். உங்க பொண்ணு நல்லா இருக்கு. பயப்படாதீங்க. எங்க பொண்ணுக்குத்தான் உடம்பு சரியில்ல. இந்தாங்க, பேசுங்க."

"மம்மி" என்றாள் என் மகள். மாட்டியிருந்த ஒற்றைச் செருப்பை அப்போதுதான் கழற்றினேன்.

தாங்களே பத்திரமாகக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்கள்; அதற்குள் என் கணவரும் வீடு வந்து சேர்ந்தார். இருட்டும் நேரத்தில் அந்தக் குழுவினரே அவளை வேனில் கொண்டுவந்து விட்டார்கள். முகத்தில் மேக்கப் வழிந்திருந்தது. மஞ்சள் பாவாடைக்கு மேல் யாருடைய சால்வையோ. கட்டிக்கொண்டேன். பிறகு முதுகில் ஒன்று வைத்தேன். மறுபடி கட்டிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். கரகக் குழுவில் ஒரு சின்னப் பெண்ணுக்கு ஆட்டத்துக்குச் சற்று முன்னால் தாங்க முடியாத வயிற்றுவலி. முதலுதவிக் கூடாரத்தில் படுக்கவைத்துவிட்டு, முறை வந்துவிட்டதால் குழு கிளம்பவேண்டியதாயிற்று. டாக்டர் ஊசி போட வந்தால் அந்தப் பெண் கையைத் தட்டிவிட்டு அழுதிருக்கிறாள். ஊசிக்குப் பயம் என்று நினைத்து இரண்டு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்களாம். ஒரு நர்ஸ் மட்டும் வெளியே ஓடிவந்து, தமிழ் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார்.

"எல்லாரும் என்னைப் பாத்தாங்க மம்மி. இதோ மதராசின்னு சொன்னாங்க. எங்க டர்ன் வரப்போகுது. நான் போகலன்னா அங்க தமிழ் பேச யாருமே இல்ல. மேம்கிட்ட சொல்லிட்டு ஓடிட்டேன்."

"போய் என்னடி பண்ணினே?"

"அந்தப் பொண்ணு ஜல்தி ஜல்தியா பேசுனா, பாதி புரியல. ஆனா வலிக்குப் போடுற அந்த ஊசி எனக்கு ஒத்துக்காது, ஒத்துக்காதுன்னு சொன்னா. அது எனக்குத் தெரியுமே! குளிர்ல தயிர் ஒத்துக்காதுன்னு நீ டெய்லி கத்துவியே! டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அவர் கேட்கச் சொன்னாரு, கேட்டேன். முன்னாடி ஒரு தடவை அந்த ஊசி போட்டு மூஞ்சி வீங்கி, மூச்சே வரலையாம். உடனே டாக்டர் வேற மருந்து போட்டாரு."

அதன்பிறகு அந்தப் பெண் இவள் கையை விடவே இல்லையாம். ஒரு பெண் போலீஸ் துணைக்கு வர, ஆம்புலன்ஸிலும் கூடவே போயிருக்கிறாள். கரகக் குழுவினர் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் வீட்டுக்குப் போன் போட வேண்டும் என்றே தோன்றியதாம். "என் தமிழைக் கேட்டு அவ்ளோ வலியிலயும் சிரிச்சா மம்மி" என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள், "நான் ஆடலியே" என்று சொல்லி அப்போதுதான் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அக்கா மறுபடி கூப்பிட்டபோது மகளே போனை வாங்கி, "பெரியம்மா, நான் ஆடவே இல்ல" என்றாள். ஸ்பீக்கரில் அக்கா கேட்டாள்:

"அப்ப நாங்க சுத்திப் போட்டது யாருக்குட்டி?"

அழுதுகொண்டிருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த ஆட்டத்தின் வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் போட்டு, பூ விரியும் இடத்தில் நிறுத்தி, தண்டுக்கு வலது பக்கம் தெரியும் அந்தத் துண்டுத் தார் ரோட்டைத் தொட்டுக்காட்டி, "இதோ, இதுதான் என் பொண்ணு" என்கிறேன்.