மூவாயிரம் என்று போட்ட பேட்டரி

பேட்டரியின் வயிற்றில் வெள்ளை டேப்பை ஒட்டி, அதன்மேல் 1850 என்று எழுதுகிறார் பெர்லிட்டா. கம்பெனி அச்சடித்திருக்கும் கொள்ளளவு 2000. "பரவால்ல, நல்ல பிள்ளைதான்" என்று அதைத் தட்டிக்கொடுத்து டப்பாவில் போடுகிறார்.

பிலிப்பைன்ஸின் துமாகெத்தே ஊரில் எங்கள் தெருவுக்குக் கரோக்கே பெட்டி வாடகைக்கு விடுபவர் அவர். ஞானஸ்நானமோ துக்கவீடோ, அவர் பெட்டி இல்லாமல் நடக்காது. கம்பியில்லா மைக்குக்கு இரண்டு பேட்டரி வேண்டும். சார்ஜ் ஏற்றிப் போட்டுவிட்டால் போதாதா என்று ஒருநாள் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பலசாலியையும் நோஞ்சானையும் சோடி போட்டா, பாதிப் பாட்டுல நோஞ்சான் படுத்துக்கும். மைக்கும் கூடவே படுத்துரும்."

குளிர்சாதனப் பெட்டியின் மேல், குழந்தை இயேசு சொரூபத்தை ஒட்டி அவருடைய சோதனைக் கருவி இருக்கிறது. பேட்டரியை முழுக்க நிரப்பும், பிறகு வடிக்கும், வடிந்தது எவ்வளவு என்று திரையில் காட்டும். ஒரு நாள் பிடிக்கிற வேலை. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் எண்ணைப் பார்த்துவிட்டு வருவார். கணவர் கிரிசாந்தோவுக்கு இது தீராத கேலி. "எனக்கு எப்ப மார்க் போடப்போற?" என்பார். "ரெண்டாவது பாட்டுக்கே உனக்கு மூச்சு வாங்குது, பேசாம இரு" என்று பதில் வரும்.

போன வாரம் நிம்ஃபா ஒரு புதுக்கட்டு பேட்டரியோடு வந்தார். பெர்லிட்டாவின் மகளுக்கு ஞானத்தாய்; அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'மாரே' என்றுதான் கூப்பிடுவார்கள். நிம்ஃபாவின் மகள் ஜெரலினுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள். கப்பலில் வேலை பார்க்கும் அப்பா போனில் பார்த்திருக்க, கடைசியில் அவள் பாட வேண்டும்.

"மைக்குல இதத்தான் போடணும் மாரே. நம்ம கடைச் சரக்கு, மூவாயிரம். நாலு பேரு பாக்கட்டும்."

அவர் போனதும் பெர்லிட்டா அவற்றைக் கருவியில் மாட்டினார். மறுநாள் திரையில் 520 என்று நின்றது. நம்பாமல் இன்னொரு முறை மாட்டினார். அதே கதை. சொல்லிவிடு என்றார் கிரிசாந்தோ. "மொத்தமா வாங்கிக் கடைல அடுக்கியிருக்கா, விருந்து முடியட்டும்" என்றார் இவர். அந்த ஒரு மாலை மைக் அணைந்தால் பெண்ணின் பாட்டும் போகும், நிம்ஃபாவின் மானமும் போகும். தோழியிடம் உண்மையை மறைப்பது சரியா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

விருந்தில் எல்லாரும் பார்க்க அதே பேட்டரிகளைத்தான் மைக்கில் போட்டார். பிறகு பன்சித் நூடுல்ஸ் தட்டைக்கூடத் தொடாமல், பாடுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மாமாக்கள் பாடிக் களைத்து, ஜெரலின் எழுந்த நேரத்தில் மைக்கின் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. "இரும்மா, எச்சியெல்லாம் தொடைச்சித் தரேன்" என்று மைக்கை வாங்கித் துண்டால் மூடினார். துண்டுக்குள் அவர் விரல்கள் வெள்ளை டேப் ஒட்டிய தம் பேட்டரிகளை மாற்றிப் போட்டது அருகில் இருந்த எனக்கு மட்டும் தெரிந்தது.

ஜெரலின் முழுப் பாட்டையும் பாடினாள். போனில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, மத்தியானத்துல இருந்து ஓடுது!" என்று கூட்டத்துக்கு அறிவித்த நிம்ஃபா, பேட்டரியை எடுத்துக் காட்டக் கை நீட்டினார். மைக்கைக் கொடுக்காமல் பெர்லிட்டா எழுந்து நின்றார். பேட்டரி மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, பாடவே தெரியாத அவர் அடுத்த பாட்டைப் பாடத் தொடங்கினார்.