பஞ்சத்துச் சோறு என்று நான் சொன்னது

மேடையில் எதிரணியை வீழ்த்த எனக்கு மூன்று நிமிடம் போதும் என்ற கர்வம் கல்லூரி நாட்களிலிருந்தே உண்டு. பனியன் நகரின் ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் அறிவித்தபோது முதலில் பெயர் கொடுத்தவள் நான்தான். மனத்துக்கு இதமான சோறு கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சோறா, தெற்கத்தி உளுந்தஞ்சோறா என்பது தலைப்பு. கொங்கு மண்ணில் குண்டடத்துக்காரியான எனக்கு எந்த அணி என்பதில் ஐயமே இல்லை.

உளுந்தஞ்சோற்றை எனக்கு அறிமுகம் செய்தவர் செக்கிங் பிரிவில் இருக்கும் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மதியத்தில் எங்கள் டப்பாக்கள் இடம் மாறும். தோலோடு உளுந்தும் அரிசியும் பூண்டும் வெந்தயமும் குழைந்த அந்தச் சோற்றில் தேங்காய் மட்டும் இருக்காது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"தேங்காய்க்கு எங்க போக? நாங்க ஏழு பேருல்லா. அம்ம உளுந்து உடைக்கப் போவா. மிஞ்சுத குருணைய முந்தியில முடிஞ்சிட்டு வந்து, பத்தாத அரிசியோட போட்டுப் பொங்கிருவா. இப்ப தேங்கா வாங்கலாம். போட்டா அவ கைருசி வர மாட்டேங்கு."

விழாவன்று எதிரணிப் பேச்சாளர், உளுந்து இடுப்புக்கு வலிமை, பூப்பெய்திய பெண்ணுக்குத் தாய்வீடு ஊட்டும் முதல் மருந்து என்று அடுக்கினார். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. தோற்கப் போகிறேன் என்று தெரிந்ததும் எழுந்தேன்.

"நடுவர் அவர்களே, எங்கள் அரிசிம்பருப்பு உழைக்கும் பெண்ணின் அறிவில் பிறந்தது. உளுந்தஞ்சோறோ, தேங்காய்க்கு வழியின்றி, மிஞ்சிய குருணையை முந்தானையில் முடிந்து வந்த வறுமையில் பிறந்தது. பஞ்சத்துச் சோறு எப்படி ஐயா மனத்துக்கு இதமாகும்?"

கைதட்டலை அடக்க நடுவர் இருமுறை மணி அடித்தார். நான்காவது வரிசையில் அக்கா கைதட்டாமல் அமர்ந்திருந்தார். எங்கள் வீட்டிலும் காய் வாங்க வழியில்லாத நாட்களில்தான் அரிசிம்பருப்பு பொங்கினார்கள். என் அம்மாவே சொல்லியிருக்கிறார். அதை விழுங்கிவிட்டுத்தான் அப்படிப் பேசினேன்.

என் பேச்சின் வீடியோ கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மறுநாள் ஒரு டெய்லர் அக்காவின் டப்பாவைப் பார்த்து, "ஏனுங்கக்கா, இன்னைக்கும் பஞ்சத்துச் சோறுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். அதன்பின் அவர் டப்பாவில் உளுந்தஞ்சோறு வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரிடம் போனேன்.

"தப்புத்தானுங்கக்கா. செயிக்கோணும்னு பேசிட்டனுங்க."

அக்கா துணியில் நூல் பிசிறை வெட்டிக்கொண்டே பேசினார். "நீ என்ன பொய்யா சொன்ன? உள்ளதத்தான சொன்ன. ஆனா நான் ஒங்கிட்ட சொன்னேன் பிள்ள. மைக்குகிட்ட சொல்லல."

"மறுபடி கொண்டாங்கக்கா. எல்லாரு முன்னாடியும் நான் சாப்படறனுங்க."

"கொண்டாரதுக்கு எனக்கென்ன? எம் மக வீடியோவப் பாத்துட்டா. ஆச்சி குருணை பொறுக்குனாளான்னு கேக்கா. இனிமே அத வீட்டுல பொங்கக் கூடாதாம்."

அன்று மாலையே, எங்கள் வீட்டு அரிசிம்பருப்பு எப்படிப் பிறந்தது என்பதையும் மேடையில் அதை நான் மறைத்ததையும் செல்பேசியில் வீடியோவாகப் பேசிப் பதிவுசெய்து, அதே குழுவில் போட்டேன். அடுக்குமொழி இல்லாமல் பேச நான் நான்கு முறை முயல வேண்டியிருந்தது.

மறுநாள் மதியம், "பாப்பா பாத்துதுங்களா அக்கா?" என்றேன்.

"பாத்தா."

"என்ன சொல்லுச்சுங்க?"

"இந்த அக்கா எதச் சொன்னாலும் நல்லாப் பேசுதாளேன்னா," என்றபடி அக்கா டப்பாவைத் திறந்தார். எலுமிச்சஞ்சோறு. எனக்கும் பாதியை எடுத்து வைத்தார்.