ஜாம்பிக்கு எங்கள் ஊர்ப் பேச்சு

என் ஜாம்பி நாவல் இன்னும் புத்தகமாக வரவில்லை. ஏன், ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஏனாத்தூரில் ஒரு டிடிபி கடையில் மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்வது என் பிழைப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனிலேயே அந்த நாவலை எழுதினேன். கதையில் உலகமே ஜாம்பியாகிவிட்டது. நெசவாளர்கள் வாழும் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் மிஞ்சியவர்கள் சில வலைப்பதிவர்கள் மட்டும். சத்தம் கேட்டால் ஜாம்பி வந்துவிடும் என்பதால் தறிகளை நிறுத்திவிட்டு ஒளிந்திருக்கிறார்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், எந்தச் சந்துக்குள் போகக் கூடாது என்று பதிவு போடுகிறார்கள். உயிர் போகிற அவசரத்தில் எவன் இலக்கணம் பார்ப்பான்? 'பெரிய தெருவாண்ட வந்துக்கினு இருக்குதுங்க, யாரும் வெளிய வராதீங்கபா' என்றுதான் எழுதுவான். என் ஜாம்பிகள் பேசாது. உறுமும், அவ்வளவுதான்.

ஒரு பதிப்பகம் வெளியிடுவதாகச் சொன்னது. முதல் புத்தகம், வாய் சும்மா இருக்குமா, தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். அவர்கள் திருத்திய பிரதி வந்ததும் என் வீட்டுக்காரர்தான் முதலில் புரட்டினார்.

"இன்னாமா இது, பொணமெல்லாம் நம்ம மாரியே பேசிக்கினு இருக்குது?"

பிடுங்கிப் பார்த்தேன். என் வலைப்பதிவர்கள் அத்தனை பேரும் 'அவை வந்துகொண்டிருக்கின்றன, வெளியே வராதீர்கள்' என்று செய்தி வாசித்தார்கள். ஜாம்பிகளின் வாயில் நான் எழுதாத வசனங்கள். 'பசிக்குதுபா, மூளை கீளை வெச்சிக்கினு இருக்கிறியா?' என்று ஒன்று கேட்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே பதிப்பாசிரியருக்குப் போன் போட்டேன்.

"உயிரோட இருக்கறவங்க பேசறது எல்லாருக்கும் புரியணும் மேடம். ஜாம்பிக்கு உங்க ஊர் பேச்சு செமையா செட் ஆகுது. ஒரு காமெடி."

"நான் அப்படி எழுதலையே சார். தயவு செஞ்சு பழையபடி மாத்திக் கொடுங்க."

சொல்லும்போதே என் காதில் விழுந்தது. இது எங்கள் வீட்டுப் பேச்சே இல்லை. கடைக்கு வரும் பேராசிரியர்களிடம் பேசுகிற பேச்சு. அந்த ஆளுக்காக நாக்கை மடித்துப் பேசுகிறேனே என்று கோபம் இன்னும் ஏறியது.

"மாத்தினா புக் வராது மேடம். யோசிச்சுச் சொல்லுங்க."

"வராட்டி போவட்டும்! இன்னா நெனச்சிக்கினு இருக்கிற நீ? நாங்க பேசுனா பொணம் பேசுற மாரியா இருக்குது? உயிரோட தான்யா இருக்கிறோம் நாங்க!"

மறுமுனையில் அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரிக்கிறார் என்பது போனிலேயே தெரிந்தது.

"சூப்பர் மேடம்! இந்த டோன்தான் வேணும். இதை அப்படியே கதையில கடைசியா வர்ற ஜாம்பிக்கு வசனமா வச்சிடலாமா?"