ஜீப்பில் எரிந்த மஞ்சள் விளக்கு

உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறேன். தோட்டத்துப் பாதை முழுக்க உருளும் சரளைக்கல். அந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால், சக்கரம் இறுகாமல் காக்கிற ஏபிஎஸ் விட்டுவிட்டுப் பிடிக்கும். வண்டி கொஞ்சதூரம் ஓடித்தான் நிற்கும். சக்கரம் இறுகினாலோ கல்லைக் குவித்துக்கொண்டு சீக்கிரம் நின்றுவிடும். அதனால் இங்கே டிரைவர்கள் சிலர் ஏபிஎஸ் ஃபியூஸைக் கழற்றிவிடுவார்கள். நானும் கழற்றினேன். கழற்றினால் டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும்.

ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த என் மனைவி செல்வியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன அன்று, அதைத் திரும்ப மாட்டச் சோம்பல்பட்டேன்.

"ஏங்க, அந்த மஞ்ச லைட்டு எதுக்கு எரியுது?" என்று கேட்டாள்.

"அது சும்மா எரியும்" என்றேன்.

மழையில் நனைந்த தார்ச்சாலை வளைவில் எதிரே பஸ் வந்தது. பிரேக்கை அழுத்தி மிதித்தேன். சக்கரங்கள் இறுகிக்கொண்டன. ஸ்டியரிங்கைத் திருப்பியும் ஜீப் திரும்பாமல் நேரே வழுக்கியது. பஸ்காரர் ஒதுங்கிக்கொடுத்ததால் தப்பினோம். ஓரத்து மண்மேட்டில் லேசாக முட்டி நின்றோம்.

அவளிடம் உண்மையைச் சொன்னேன். செல்வி திட்டவில்லை. என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"உதைக்குது பாருங்க. ஒண்ணும் ஆகல. பயப்படாதீங்க."

இப்போது ஃபியூஸைத் தொடுவதே இல்லை. சரளை இறக்கத்தில் முதல் கியரிலேயே ஊர்ந்து இறங்குகிறேன். நேரமாகிறது என்று முனகுகிறவர்களை இறங்கி நடக்கச் சொல்லிவிடுவேன்.

சாவியைத் திருகியதும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்து அணையும். அது அணைந்த பிறகுதான் செல்வி எங்கள் மகளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள்.