ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒன்றுதான். வாரா வாரம் இதைத் திருத்தி டைப் அடிக்கும் பத்திரிகை ஆபீஸ் அம்மாவின் புண்ணியத்தில்தான் நீங்கள் வாசிக்கிறீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் வேறென்ன செய்வது?

இந்த வாரம் எழுத்துப் பிழையைவிடப் பெரிய பிழை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், ஞாயிறுதோறும் முழுமையான ஊட்டச்சத்து வகுப்புக்கு ஒரு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். தமிழில்தான் நடத்துகிறார்கள். ஆனாலும் கடைசி பெஞ்சுதான் எனக்கு. முதல் நாள் டீச்சர் தட்டுகளில் தானியங்களை வைத்து, எது சாமை, எது வரகு என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. மாவு மில் நடத்துகிற எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே தெரியும். ஆனால் கை தூக்க வேண்டுமே... தூக்கவில்லை.

போன ஞாயிறு கடைசி வகுப்பு. இந்தப் படிப்புக்கு ஏன் வந்தோம் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். ஜிம் வைத்திருப்பவர் நன்றாகப் பேசினார். ஒரு நர்ஸ் பேசி அழுதுவிட்டார். என் முறை வந்தது.

"மாவு மில் வச்சிருக்கேன்... அதான் வந்தேன்."

உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினார்கள். பொய்க்கும் கைதட்டல் கிடைக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

உண்மைக் காரணம் பத்மா.

மேல்சித்தாமூர் ஜைனக் குடும்பத்துப் பெண். கேழ்வரகு அரைக்க மாதம் இரண்டு தடவை டின்னோடு வரும். போன வருடம் ஒருநாள், அப்பாவுக்குச் சுகர், எந்த மாவு நல்லது என்று கேட்டது. மில்லில் நிற்கிறவனிடம் எல்லோரும் கேட்பார்கள். நானும் சொல்வேன். கூச்சப்படுகிறவனுக்குப் பேசுவதற்கு வேறு விஷயம் ஏது?

"ராவுல சோறு வேணாம்மா. ஒரு டம்ளர் கேவுரு கஞ்சி போதும்" என்றேன்.

பத்மா அப்படியே செய்தது. நாலாம் நாள் காலையில் பெரியவர் எழுந்திருக்கவில்லை. உடம்பெல்லாம் வேர்வை. சுகர் ஒரேயடியாக இறங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் குளுகோஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். ராத்திரிச் சாப்பாடு போதவில்லை என்று சொல்லி, டாக்டர் சோற்றைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். கஞ்சி காலைக்கு மாறியது.

அடுத்த தடவை மில்லுக்கு வந்த பத்மா, "நான்தாண்ணா தப்பு பண்ட்டேன். கஞ்சியைத் தண்ணியா காச்சிட்டேன் போல" என்றது.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆமாம்மா. கெட்டியா காச்சணும்."

சொல்லிவிட்டு மிஷினைப் போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. அது எனக்கு வசதி.

ஆனால் மனசு கேட்கவில்லை. வகுப்பில் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் டீச்சர் சொன்னார் — ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு, அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் வெறும் வயிறு, என்ன மாத்திரை, எல்லாவற்றையும் கேளுங்கள்.

பேனா நின்றுவிட்டது. பத்மா வீட்டில் பொழுது சாய்ந்தால் அடுப்பு எரியாது. ஐந்தரைக்கே சாப்பாடு முடிந்துவிடும். மறுநாள் வெளிச்சம் வரும்வரை வாயில் எதுவும் படாது. நான் ராத்திரி என்று சொன்னது ஒன்பது மணியை. பெரியவர் குடித்தது ஐந்தரைக்கு — ஒரே டம்ளர், கூடவே சுகர் மாத்திரை. ஜைனர்கள் அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? செஞ்சியில் பிறந்தவன். சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்ததையும் சொன்னதையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் பத்து மாதம் வாயைத் திறக்கவில்லை. அப்படிப்பட்ட ஆளுக்குத்தான் அன்றைக்குக் கைதட்டல்.

வியாழக்கிழமை பத்மா வந்தது. டின்னை வாங்கி வைத்தேன். மிஷினைப் போடவில்லை.

"கஞ்சி தண்ணியா இருந்ததால இல்லம்மா. நான் சொன்ன யோசனைதான் தப்பு. உங்க சாப்பாட்டு நேரத்தை நான் கேக்கவே இல்ல. அப்புறம் உன்மேல போட்டுட்டேன்" என்றேன். மொத்தத்தையும் தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.



"ஒரு வருசமா கெட்டியா கிண்டிக்கினு கெடக்கிறேண்ணா. கரண்டி நட்டுக்கினு நிக்குது, இத இன்னான்னு முழுங்கறதுன்னு நைனா தெனம் திட்டறாரு" என்றது பத்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. பத்மா சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரி வராண்டாவுலேர்ந்து இன்னிக்கி வரைக்கும் எங்க அண்ணன் என்னை இன்னா பேச்சு பேசறான் தெரியுமா? அத நீ ஒரு வார்த்தையில நிறுத்தியிருக்கலாம்."

அரைத்து முடித்து மிஷினை நிறுத்தினேன். மாவை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனது. அங்கிருந்து திரும்பிக் கேட்டது:

"இன்னும் யார் யாருக்குண்ணா சொல்லிவச்சிருக்க?"

அவலூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், மேல்மலையனூர் கோயிலுக்கு வந்த இடத்தில் மாவு வாங்கிப் போகிறவர்கள்... பெயர் தெரியாது, ஊர் தெரியாது. யாரைத் தேடிப் போவேன்? எனக்கு இருப்பது இந்தப் பக்கம் ஒன்றுதான்.

ஆகையால் — சுகருக்கு, பிரஷருக்கு, உடம்பு இளைக்க என்று என்னிடம் யோசனை கேட்டுப் போனவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் சொன்னதைத் தயவுசெய்து உங்கள் டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். மில்லுக்கு வந்து என்னைத் திட்ட நினைத்தால் வாருங்கள். மிஷினை நிறுத்தி வைக்கிறேன்.

மேல்சித்தாமூர் பெரியவருக்குத் தனியாக ஒரு வரி: ஐயா, உங்கள் மகள் காய்ச்சிய கஞ்சி முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தது.

எழுதியது: ஆடி அமாவாசைக்கு மறுநாள்.